பழைய பூச்சி, புதுப் பூச்சி

நண்பகலில் பாலாவிப் பக்கம் உப்பளத்தின் வரம்பில் நின்றிருக்கிறீர்களா? கண்ணுக்கு ஒதுங்க ஒரு நிழல் கிடைக்காது. கீழே பாத்தி பாத்தியாக வெள்ளை, மேலே வெளிறிய வானம், இடையில் கிடுகு போர்த்திய உப்புக் குவியல்கள். உப்புத்தளம்தான் புத்தளம் ஆனது என்று சொல்கிறவர்களும் உண்டு. அந்த வெயிலில் நின்றால் நம்பலாம் போலத்தான் இருக்கும்.

போன வருஷம் நாங்கள் ஆறு பேர் படம் எடுக்க அங்கே போயிருந்தோம். எங்களில் ஒருத்தி திடீரென்று முகத்துக்கு முன்னால் கையை விசிறினாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் விசிறினாள்.

"என்னடி, கொசுவா?"

"இல்ல. நூல் மாதிரி ஒண்டு. பார்க்கப் போனா ஓடுது."

அவளுக்கு 22 வயது. எட்டாம் ஆண்டிலிருந்து கண்ணாடி, இப்போது மைனஸ் ஆறு. அன்றிரவு அவள் தூங்கவில்லை, போனில் தேடினாள். தேடத் தேட எல்லாக் கதையும் குருடாகிப் போவதில்தான் முடிந்தது. அடுத்த மூன்று கிழமை, கொப்பியைத் திறந்தால் நூல், சுவரைப் பார்த்தால் நூல். பரீட்சைக்குப் படிக்கவில்லை. கடைசியில் ஒரு கண் டொக்டரிடம் போனாள். கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு, வெளிச்சம் அடித்துப் பார்த்தார். "ஒன்றுமில்லை, பழகிக்கொள்ளுங்கோ" என்றார். அவ்வளவுதான்.

அதே மாதங்களில்தான் கற்பிட்டியில் எங்களில் இன்னொருவனின் மாமாவுக்கும் நடந்தது. ஐம்பது தாண்டியவர், போட்டில் போகிறவர். ஒரு விடியக்காலையில் கரைக்கு வரும்போது வலக் கண்ணில் கரித்தூள் கொட்டின மாதிரி இருந்ததாம். கண்ணின் மூலையில் அடிக்கடி மின்னியிருக்கிறது. கடலில் மின்னல் பார்த்துப் பழகின ஆள், முதலில் வானத்தைத்தான் பார்த்திருக்கிறார். வீட்டுக்கு வந்து, "கண்ணுல பூச்சி பறக்குது" என்றார். மாமி சொன்னா, "ராத்திரி பூரா கடல்ல கிடந்தா பூச்சி பறக்காம என்ன செய்யும்? சாப்பிட்டுட்டுப் படுங்க."

அவரும் சாப்பிட்டுட்டுப் படுத்தார். அடுத்த நாளும் கடலுக்குப் போனார். நாலாம் நாள் வலை பொத்திக்கொண்டு இருந்தவர், இடக் கண்ணில் வியர்வை விழுந்து அதைத் துடைத்தபோதுதான் கண்டுபிடித்தார். வலக் கண்ணில் கீழேயிருந்து ஒரு கறுப்புத் துணி பாதிக்கு மேல் ஏறியிருந்தது. கொழும்புக்குக் கொண்டு போனார்கள். சத்திரசிகிச்சை நடந்தது. கண்ணுக்குள் காஸ் அடைத்து, பல நாள் முகத்தைக் குப்புற வைத்தபடி இருக்கச் சொன்னார்கள். அப்படியே இருந்தார். விலகின விழித்திரை ஒட்டியும் விட்டது. ஆனால் பார்வை முழுசாக வரவில்லை. "கஞ்சித் தண்ணிக்குள்ளால பார்க்கிற மாதிரி" என்கிறார். இரவில் தூரம் பிடிபடுவதில்லை. இப்போது மகன்தான் போட் எடுக்கிறான்.

இந்த இரண்டு கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பயப்படத் தேவையில்லாதவள் மூன்று கிழமை தூங்காமல் கிடந்தாள். பயந்து ஓடியிருக்க வேண்டியவர் சாப்பிட்டுட்டுப் படுத்தார். இதில் மாமியைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் இல்லை. அவ இடத்தில் எங்கள் உம்மாவும் அம்மாவும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். குறை எங்கள் பேச்சில் இருக்கிறது என்றுதான் நாங்கள் நினைக்கிறோம்.

"பூச்சி பறக்குது" என்ற பேச்சை எதற்கெல்லாம் பாவிக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். பசி வந்தால் கண்ணில் பூச்சி பறக்கும். குந்தியிருந்து சட்டென்று எழும்பினால் பூச்சி பறக்கும். நோன்பு திறக்கக் கொஞ்ச நேரம் இருக்கையில் பறக்கும். கன்னத்தில் அறை விழுந்தாலும் பறக்கும். வருஷக்கணக்காகக் கண்ணுக்குள் மிதக்கிற நூலும் பூச்சிதான், விழித்திரை கிழிகிற அன்றைக்குக் கொட்டுகிற கரியும் பூச்சிதான். இத்தனைக்கும் ஒரே பேர் இருந்தால், கேட்கிறவர் தனக்குத் தெரிந்த பதிலைத்தானே சொல்லுவார்? "சாப்பிட்டியா?"

இந்தப் பேர் எங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. ஐரோப்பிய மருத்துவ நூல்கள் லத்தீனில் வைத்த பேருக்கும் "பறக்கும் ஈக்கள்" என்றுதான் பொருள். எல்லா ஊரிலும் மனுசன் முதலில் கையை விசிறித்தான் பார்த்திருக்கிறான்.

உண்மையில் அது என்ன? ஒரு வழுக்கல் இளநீரை வெட்டி, தண்ணியோடு வழுக்கலையும் வழித்து ஒரு கிளாஸில் போட்டு வெயிலில் வையுங்கள். வழுக்கல் துண்டுகளின் நிழல் கிளாஸின் அடியில் ஆடும். கண்ணுக்குள்ளும் அப்படித்தான். லென்ஸுக்குப் பின்னால், கண்ணின் பெரும் பகுதியை நிரப்பிக்கொண்டு ஒரு ஜெலி இருக்கிறது. ஏறத்தாழ 4 மில்லிலீற்றர். அதில் 98 வீதத்துக்கு மேல் தண்ணீர், மிச்சத்தில் மெல்லிய கொலாஜன் நார்கள். வயது போகப் போக ஜெலி தண்ணியாகும், நார்கள் ஒன்றோடொன்று சேர்ந்து திரளும். அந்தத் திரளின் நிழல் விழித்திரையில் விழுவதைத்தான் நாம் நூல், புள்ளி, பூச்சி என்கிறோம். கிட்டப்பார்வை கூடினவர்களின் கண் நீளமானது. அவர்களுக்கு இது இளம் வயதிலேயே தொடங்கும். எங்கள் சிநேகிதிக்கு நடந்தது அதுதான்.

உப்பளத்தில் ஏன் திடீரென்று தெரிந்தது? அந்த நூல் முதலே உள்ளே இருந்திருக்கும். கடும் வெளிச்சத்தில் கண்மணி சுருங்கும், நிழல் கூர்மையாகும். பின்னால் மரமும் இல்லை, மதிலும் இல்லை, வெறும் வெள்ளை. அதனால் கண்ணில் பட்டது. கடற்கரை மணல், வெளிறிய வானம், போன் திரையின் வெள்ளைப் பக்கம் எல்லாம் இதையேதான் செய்யும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம், இதற்கும் எங்களில் ஒருவன் பயந்திருக்கிறான். நீல வானத்தைப் பார்த்தால் சின்னச் சின்ன வெண்புள்ளிகள் நெளிந்து நெளிந்து ஓடும். அவை பூச்சி இல்லை, நிழலும் இல்லை. விழித்திரையின் நுண்குழாய்களில் ஓடுகிற உங்கள் வெண்குழியங்கள். கிட்டத்தட்ட எல்லோருக்கும் தெரியும். அதைப் பார்த்துச் சந்தோஷப்படலாம்.

பழைய பூச்சியோடு எப்படி வாழ்வது? உடப்பில் எங்கள் நண்பனின் பெரியப்பா கரைவலை இழுக்கிறவர். பத்து வருஷமாக அவரது இடக் கண்ணில் ஒன்று மிதக்கிறது, தூண்டில் கொக்கி மாதிரி. "அது என்னோட பழைய கூட்டாளி. கடலப் பார்த்தா வருவான், சோறு திங்கும்போது போயிருவான்" என்பார். அவர் சொல்வதில் விஞ்ஞானம் இருக்கிறது. ஒரே நிழலைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் மூளை அதை ஒதுக்கப் பழகிக்கொள்ளும். சில மாதம் எடுக்கும். ஆனால் நாள் முழுக்க அதைத் தேடிக்கொண்டே இருந்தால் மூளைக்கு ஒதுக்க விடமாட்டோம். எங்கள் சிநேகிதி மூன்று கிழமையும் செய்தது அதைத்தான். வெள்ளைச் சுவரைப் பார்த்து, "இருக்குதா, போயிட்டுதா" என்று தேடிக்கொண்டே இருந்தாள்.

அவளுக்கு உதவினது சின்னச் சின்ன விஷயங்கள். போன் திரையைக் கறுப்புப் பின்னணிக்கு மாற்றினாள், வெளிச்சத்தைக் குறைத்தாள். வெயிலில் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும். படிக்கும்போது நூல் சரியாக எழுத்தின் மேல் வந்து நின்றால், கண்ணை மேலும் கீழுமாக இரண்டு தடவை வேகமாக அசைப்பாள். ஜெலி கலங்கி நூல் ஒதுங்கும். கண்ணைக் கசக்குவதை விட்டாள்.

மருந்து? இதைக் கரைக்கிற சொட்டு மருந்து என்று நிரூபிக்கப்பட்ட ஒன்றும் இல்லை. அன்னாசி சாப்பிட்டால் போய்விடும் என்ற வீடியோக்கள் உங்களுக்கும் வந்திருக்கும். 2019இல் தாய்வானிலிருந்து வந்த ஒரு சிறு ஆய்வை வைத்துக்கொண்டு பரவின கதை அது. அதை வைத்து வைத்தியம் பார்க்க முடியாது. அன்னாசியை ருசிக்குச் சாப்பிடுங்கள். லேசரால் பூச்சியை உடைக்கிற முறையும் உண்டு, ஜெலியையே எடுத்துவிடுகிற சத்திரசிகிச்சையும் உண்டு. இரண்டாவதில் கண்புரை வரலாம், தொற்று வரலாம், விழித்திரையே விலகலாம். ஆகவே, பூச்சியால் வாழ்க்கையே நடத்த முடியாத சிலருக்குத்தான் டொக்டர்கள் அதை யோசிப்பார்கள். மற்றவர்களுக்குப் பழகிக்கொள்வதுதான் வைத்தியம். அந்த டொக்டர் சொன்னது பிழையில்லை.

பிழையில்லை, ஆனால் பாதிதான். மிச்சப் பாதி அவர் சொல்லாமல் விட்டது.

ஜெலி சுருங்கிச் சுருங்கி ஒரு நாள் விழித்திரையிலிருந்து பிடியை விட்டுக் கழன்றுவிடும். ஐம்பது, அறுபது வயதுகளில் பெரும்பாலானவர்களுக்கு நடக்கிற இயல்பான காரியம் இது. கிட்டப்பார்வை கூடினவர்களுக்கும், கண்புரை வெட்டினவர்களுக்கும், கண்ணில் அடிபட்டவர்களுக்கும் முந்தி நடக்கலாம். கழலும்போது விழித்திரையை இழுக்கும். அந்த இழுவைதான் மூலையில் மின்னுவது. அநேகமாக ஒன்றும் ஆகாது. சில பேருக்கு, இழுத்த இடத்தில் விழித்திரை கிழிந்துவிடும். 2009இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கட்டுரை ஒன்று வந்தது. இப்படி ஜெலி கழன்று திடீரென்று புதுப் பூச்சியோ மின்னலோ வந்தவர்களில் 14 வீதமானோருக்கு விழித்திரையில் கிழிசல் இருந்ததாம். ஏழு பேரில் ஒருவர். சின்னக் கணக்கில்லை.

கிழிசலுக்குப் பிறகு நடப்பது போட்காரர்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. அடியில் ஒரு கீறல் விழுந்தால் அதால் தண்ணி ஏறும். கீறலாக இருக்கும்போது கரையில் வைத்து அடைத்துவிடலாம். தண்ணி நிறைந்த பிறகு அது வேறு வேலை. கண்ணிலும் கிழிசலாக இருக்கும்போது லேசரால் சுற்றிவர ஒட்டிவிடுகிறார்கள். அதற்குள்ளால் ஜெலித் தண்ணி பின்னால் போய் விழித்திரையை உரித்துவிட்டால் பெரிய சத்திரசிகிச்சை. உரிகிறது நடுப் பகுதியை எட்டிவிட்டால், ஒட்டின பிறகும் பார்வை பழையபடி வரும் என்று யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். மாமாவுக்கு அந்த நாலு நாளில் போனது அதுதான்.

நூறு வருஷத்துக்கு முந்தி விழித்திரை விலகினால் அந்தக் கண் போனதுதான். சுவிற்சர்லாந்தின் லௌசான் நகரத்து டொக்டர் ஜூல் கோனான்தான், கிழிசலை அடைத்தால் கண்ணைக் காப்பாற்றலாம் என்று 1920களில் உலகத்துக்குக் காட்டினார். எங்கள் நாட்டுக்கும் கண் விஷயத்தில் ஒரு பெருமை உண்டு. டொக்டர் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கின இலங்கைக் கண் தானச் சங்கம் எத்தனையோ நாடுகளுக்குக் கண் அனுப்பியிருக்கிறது. ஆனால் அப்படிப் போய்ப் பொருத்தப்படுவது முன்னால் இருக்கிற கண்ணாடி மாதிரியான கருவிழிப் படலம். பின்னால் இருக்கிற விழித்திரையை யாரும் தானம் கொடுக்க முடியாது, மாற்றவும் முடியாது. உள்ளதைக் காப்பாற்றுவது மட்டும்தான் வழி.

ஆகவே எங்கள் கருத்து இதுதான். "பூச்சி பறக்குது" என்று யாராவது சொன்னால், "சாப்பிட்டியா" என்று கேட்க முந்தி, "பழைய பூச்சியா, புதுப் பூச்சியா?" என்று கேட்க வேண்டும். பழையதென்றால் விடுங்கள். புதிதென்றால் இன்னும் மூன்று கேள்வி. திடீரென்று நிறையக் கொட்டினதா? மூலையில் மின்னுதா? ஒரு பக்கத்திலிருந்து திரை மாதிரி, நிழல் மாதிரி ஏதும் மறைக்குதா? இதில் ஒன்றுக்கு "ஓம்" என்றாலும் அன்றைக்கே போக வேண்டும். நாளைக்கு இல்லை, கிளினிக் நாளுக்கு இல்லை. கண்ணில் பந்தோ தேங்காய் மட்டையோ பட்ட பிறகு பூச்சி வந்தாலும், பூச்சியோடு கண் நொந்து சிவந்தாலும் அதேதான். சீனி வருத்தக்காரர்களுக்குக் கண்ணுக்குள் இரத்தம் கசிந்தும் இப்படிக் கறுப்பாகக் கொட்டும், அவர்களும் காத்திருக்கக் கூடாது. ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு வளைந்து நெளிந்து கோடு கோடாக மின்னுவது வேறு. அது இரண்டு கண்ணிலும் தெரியும், அரை மணித்தியாலத்தில் போய்விடும். சந்தேகமென்றால் டொக்டர் தீர்மானிக்கட்டும்.

பழையதா புதிதா என்று தெரிய வேண்டுமென்றால் பழையதை அறிந்திருக்க வேண்டும். மாதம் ஒரு நாள், ஒரு கண்ணைப் பொத்தி மற்றக் கண்ணால் வெள்ளைச் சுவரைப் பாருங்கள். பிறகு மாற்றிப் பொத்துங்கள். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் நல்ல கண் கெட்ட கண்ணின் குறையை மறைத்துவிடும். மாமா நாலு நாள் ஏமாந்தது அப்படித்தான். பார்த்த பூச்சியை ஒரு கொப்பியில் வரைந்து, திகதி போட்டு வையுங்கள். பைத்தியக்கார வேலை மாதிரித் தெரியலாம். "அலறல்" ஓவியத்தை வரைந்த எட்வர்ட் மூங்க் 1930இல், 66 வயதில், வலக் கண்ணுக்குள் இரத்தம் கசிந்தபோது இதைத்தான் செய்தார். கண்ணுக்குள் தெரிந்த வட்டங்களையும், பறவை மாதிரியான ஒரு கறுப்பு உருவத்தையும் பார்த்தபடியே வரைந்தார். எங்கள் சிநேகிதியின் கொப்பியில் இப்போது மூன்று படம் இருக்கிறது. மூன்றிலும் அதே நூல்தான். அந்த மூன்று படமும் சேர்ந்து அவளுக்குத் தூக்கத்தைத் திருப்பிக் கொடுத்தன.

வைத்தியர்களிடமும் எங்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. "ஒன்றுமில்லை" என்று சொல்லும்போது இன்னுமொரு வசனம் சேர்த்துச் சொல்லுங்கள்: "இப்படி இப்படி வந்தால் மட்டும் உடனே வாருங்கள்." வெளியே நூறு பேர் காத்திருக்கிறார்கள், நேரமில்லை என்பது எங்களுக்கும் விளங்குது. அப்படியென்றால் அதை ஒரு துண்டில் அச்சடித்துக் கொடுக்கலாம், தமிழிலும். 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. எங்கள் சிநேகிதிக்குக் கிடைத்த துண்டில் ஒரு தமிழ் எழுத்துக்கூட இல்லை. புத்தளத்துப் பிள்ளைகள் சிங்களம் கதைப்போம்தான். சந்தைக்கும் பஸ்ஸுக்கும் அது தாராளமாகப் போதும். கண்ணுக்குள் என்ன நடக்குது என்று விளங்கப்படுத்த எங்கள் தமிழே திண்டாடுகையில், அந்தச் சிங்களம் எந்த மூலைக்கு?

இப்படி எழுதினால் ஆளாளுக்குப் பயந்து ஆஸ்பத்திரியை நிறைத்துவிடுவார்கள் என்று எங்களுக்குள்ளேயே ஒருவர் சொன்னார். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. விளங்காமல்தான் எங்கள் சிநேகிதி பயந்தாள். விளங்காமல்தான் மாமா பயப்படாமல் இருந்தார். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்.

இன்னொரு கேள்வி கடினமானது. புத்தளத்திலிருந்து கொழும்பு 130 கிலோமீற்றர், கற்பிட்டியிலிருந்து இன்னும் கூட. விழித்திரைச் சத்திரசிகிச்சை எல்லா ஆஸ்பத்திரியிலும் நடப்பதில்லை, கொழும்பு தேசிய கண் வைத்தியசாலை போன்ற சில இடங்களில்தான். போனால் அன்றைய உழைப்பு போகும், கூட வருகிறவரின் உழைப்பும் போகும். கண்மணிக்கு மருந்து விட்டால் சில மணித்தியாலம் மங்கலாகத்தான் தெரியும், தனியாக பைக்கில் திரும்ப முடியாது. அவ்வளவும் செய்து, "ஒன்றுமில்லை" என்று சொல்லி அனுப்பினால்? அனுப்பட்டும். ஏழில் ஆறு பேருக்கு அப்படித்தான் சொல்வார்கள். அந்தப் பயணத்தை நட்டமாக யாரும் எண்ணக் கூடாது. முதலில் கிட்ட இருக்கிற அரச ஆஸ்பத்திரிக்குப் போய் "திடீரென்று வந்தது, மின்னுது" என்று தெளிவாகச் சொன்னாலே போதும், எங்கே அனுப்புவது என்று அவர்களுக்குத் தெரியும். ஓதிப் பார்க்கிறவர்கள் ஓதட்டும், நேர்த்தி வைக்கிறவர்கள் வைக்கட்டும், பஸ்ஸில் ஏறின பிறகு.

வீட்டில் போன் கையில் இருக்கிற ஆட்கள் நாங்கள்தான். வாப்பாவுக்கு, அப்பாவுக்கு, பெரியம்மாவுக்கு எதையாவது தேடிக் கொடுக்கிறவர்களும் நாங்கள்தான். ஆகவே இந்தக் கேள்வியைக் கேட்கிற வேலையும் எங்களுடையது. பள்ளிவாசல் பலகையிலும், கோயில் மதிலிலும், தேவாலய வாசலிலும், மீனவர் சங்கக் கட்டிடத்திலும் ஒட்டுவதற்கு நாலு வரியில் ஒரு தாள் எழுதிக்கொண்டிருக்கிறோம். முதல் பிரதியை மாமியிடம் வாசித்துக் காட்டினோம். முழுக்கக் கேட்டுவிட்டு அவ கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னா:

"எழுத்தப் பெருசாப் போடுங்க மகன். கண் தெரியாதவங்க வாசிக்கிறதல்லவா."